ஐந்தாவது ஆள்

வெளிநாட்டில் படிக்கிற பையன் சனிக்கிழமை ஒரு ஃபோட்டோ அனுப்புகிறான். பின்னால் மலை, மலை மேல் கோட்டை, முன்னால் கூலிங் கிளாஸ். ஞாயிறு காலை இட்லி வேகிறதுக்குள் ஃபேமிலி குரூப்பில் எல்லோரும் பார்த்தாகிவிடும். பெரியப்பா தீர்ப்பும் சொல்லிவிடுவார். ‘‘லோன் போட்டு அனுப்பினா, இவன் அங்க ஊர் சுத்திட்டிருக்கான்!’’

எல்லா வீட்டுப் பெரியப்பாக்களுக்கும் பொதுவாகப் பதில் சொல்லலாம் என்று இந்த வாரம் உத்தேசம். அடியேன் பி.காம். என்பதால் பதிலும் கணக்காகத்தான் வரும். பொறுத்தருள்க!

2017-ல் நான் ஜெர்மனியில், மியூனிக்கில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். அங்கே படிக்கப் போகிறவன் ஒரு வருஷத்துச் சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே ஒரு அக்கவுன்ட்டில் போட்டுப் பூட்ட வேண்டும். மாசாமாசம் கொஞ்சம் திறந்து விடுவார்கள். நம்ம பணத்தையே நமக்குப் பாக்கெட் மணியாகத் தருகிற ஏற்பாடு! அப்போது அது 8,640 யூரோ, அதாவது மாதம் 720. (2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ, மாதம் 992.)

இந்த 720-ல் ரூம் வாடகை 330. கட்டாய மெடிக்கல் இன்ஷூரன்ஸ் சுமார் 90. மிச்சம் 300-ல் அரிசி, பருப்பு, ஃபோன், புஸ்தகம், ஷாம்பு, காதல் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும். கடைசி ஐட்டத்தை முதல் மாதமே பட்ஜெட்டிலிருந்து நீக்கிவிடுவது உத்தமம்.

அன்றைக்கு யூரோ சுமார் 73 ரூபாய். ஆகவே போய் இறங்கின முதல் வாரத்திலேயே தமிழ்நாட்டுப் பையன்கள் அத்தனை பேருக்கும் எழுபத்து மூன்றாம் வாய்ப்பாடு தலைகீழ்ப் பாடம் ஆகிவிடும். டீ இரண்டரை யூரோ என்றால் வாய் தானாக ‘‘நூத்தி எண்பத்திரண்டு ரூபா’’ என்று முணுமுணுக்கும். அதற்கு அப்புறம் டீ எப்படி இறங்கும்?

ஊரில் லோன் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. படிப்பு முடியும்வரை தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் லீவே எடுக்காமல் வேலை பார்க்கும். உதாரணத்துக்குப் பத்து லட்சம், பதினோரு சதவீதம் என்று வையுங்கள். தினம் 301 ரூபாய். நீங்கள் தூங்கினாலும் 301, ஆல்ப்ஸ் மலையைப் பார்த்து ‘ஆஹா’ என்றாலும் 301. ஏழரை லட்சத்துக்கு மேல் லோன் என்றால் பெரும்பாலும் வீட்டுப் பத்திரம் பாங்க்கில் இருக்கும். ஆக, ஃபோட்டோவில் கோட்டை முன்னால் நிற்கிற பையனின் சொந்தக் கோட்டை அடமானத்தில்!

இந்த லட்சணத்தில் ஊர் சுற்ற எங்கிருந்து காசு? அங்கேதான் வருகிறது ஜெர்மன் ரயில்வே.

1995-ல் அவர்கள் ஒரு டிக்கெட் கொண்டுவந்தார்கள். பெயரே ‘அழகான வார இறுதி டிக்கெட்’. பதினைந்து மார்க். சனி, ஞாயிறு இரண்டு நாளும், ஐந்து பேர் வரை, நாடு முழுக்க எந்த பாசஞ்சர் வண்டியிலும் ஏறலாம், இறங்கலாம். (எக்ஸ்பிரஸ் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது.) ஜனம் சும்மா இருக்குமா? கூட்டம் அம்மியது, விலையை ஏற்றினார்கள், அப்புறம் ஒரே நாளாகச் சுருக்கினார்கள், 2019 ஜூனில் ஒரேயடியாக மூடுவிழாவும் நடத்திவிட்டார்கள்.

எங்கள் காலத்தில் நாங்கள் நம்பியது அதன் தம்பி மாதிரி இருக்கிற ‘பயர்ன் டிக்கெட்’டை. பவேரியா மாநிலம் முழுக்க ஒரு நாள் செல்லும். வார நாளில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான். சனி, ஞாயிறு என்றால் நள்ளிரவு பன்னிரண்டிலிருந்தே. போனஸாக எல்லை தாண்டி ஆஸ்திரியாவில் ஸால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைக்கும் விடுவார்கள். மோட்ஸார்ட் பிறந்த மஞ்சள் வீட்டை வெளியே நின்று இலவசமாகப் பார்த்துவிட்டு வரலாம்.

விலைதான் விசேஷம். முதல் ஆளுக்கு 25 யூரோ. கூட வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் 6. மொத்தம் ஐந்து பேர் வரை.

கணக்குப் போடுங்கள். தனியாகப் போனால் 25. இரண்டு பேர் என்றால் தலைக்குப் பதினைந்தரை. நாலு பேர் என்றால் 43-ஐ நாலால் வகுத்து 10.75. ஐந்து பேர் என்றால் 49-ஐ ஐந்தால் வகுத்து 9.80. உலகத்தில் நண்பர்களின் மதிப்பை இரண்டு தசம ஸ்தானம் வரை துல்லியமாகச் சொல்லும் டிக்கெட் இது ஒன்றுதான்!

நாங்கள் நாலு பேர் இருந்தோம். மதுரை, கோவை, நெல்லை, நான். (ஹாஸ்டலில் பெயரெல்லாம் கிடையாது, ஊர்தான்.) ஐந்தாவது ஆள் சேர்ந்தால் தலைக்கு 95 சென்ட் மிச்சம். கிட்டத்தட்ட எழுபது ரூபாய். விடுவோமா?

மூன்றாவது மாடியில் அரியலூர்க்காரன் ஒருத்தன் இருந்தான். லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுவான். அதோடு சரி. சனிக்கிழமைகளில் கண்ணிலேயே படமாட்டான். நெல்லை போய்க் கதவைத் தட்டினான். ‘‘ஏலேய், நாளைக்கு வாறியா? ஒன்பது எண்பதுதாம்ல!’’

அவன் கதவைப் பாதி திறந்தபடியே சொன்னான். ‘‘ஒன்பது எண்பது இல்லீங்க. எண்பது அம்பத்திரண்டு.’’

விஷயம் இதுதான். சனிக்கிழமை அவன் ஒரு ரெஸ்டாரன்ட் சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிறான். எட்டு மணி நேரம். 2017-ல் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.84 யூரோ. எட்டு மணிக்கு 70.72. ஊர் சுற்ற வந்தால் அது போச்சு. டிக்கெட் 9.80-ஐக் கூட்டினால் 80.52. எழுபத்து மூன்றாம் வாய்ப்பாட்டில் கிட்டத்தட்ட 5,900 ரூபாய்!

எனக்குப் புல்லரித்தது. பி.காம். மூன்று வருஷம் ‘ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்’ என்று எழுதி எழுதி மார்க் வாங்கியவன் நான். அதைக் கதவிடுக்கில் நின்று நாலே வார்த்தையில் சொன்னவன் சிவில் இன்ஜினீயர். அவன் கணக்கில் ஓட்டை கிடையாது. வெளிநாட்டு மாணவன் வருஷத்துக்கு 120 முழு நாள்தான் வேலை பார்க்கலாம் என்று அப்போது சட்டம். (2024 மார்ச்சிலிருந்து 140.) அதில் ஒரு நாளைக்கூட வீணாக்காமல் அடைத்து வைத்திருந்தான்.

‘‘சரி தம்பி’’ என்று திரும்பிவிட்டோம். நாலு பேராகவே போய், தலைக்கு 95 சென்ட் நஷ்டத்தோடு மூன்று ஊர் பார்த்தோம்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அவனே கீழே இறங்கி வந்தான். ‘‘நாளைக்குப் போறீங்களா? நானும் வரலாங்களா?’’ காரணம் கேட்கவில்லை. கையில் கிடைத்த 95 சென்டைக் காரணம் கேட்பார்களா!

வார இறுதிப் பயணத்துக்கு முந்தின நாளே ஆயத்தம் தொடங்கும். ஐஸ்க்ரீம் தீர்ந்த டப்பாக்களில் ஒன்றில் லெமன் சாதம், ஒன்றில் தயிர் சாதம். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் சட்டப்படி மூடியிருக்கும் என்பதால் சனி ராத்திரி எட்டு மணிக்குள் வாங்க வேண்டியதை வாங்கிவிட வேண்டும். காலி பாட்டிலைத் தூக்கிப் போடுகிறவன் எங்கள் கோஷ்டியில் இருக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் டெபாசிட். கடையில் மிஷினில் போட்டால் திரும்பக் கிடைக்கும். பெரிய ஸ்டேஷன்களில் பாத்ரூம் போக ஒரு யூரோ. ஆக, நாலு பாட்டில் ஒரு பாத்ரூம். (ரயிலுக்குள் இலவசம். மியூனிக் நெருங்க நெருங்க எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வரும்!)

டிக்கெட்டில் ஐந்து பேர் பெயரையும் எழுத வேண்டும். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்கிற இடத்தில் அப்பா பெயர் உட்கார்ந்திருக்குமே, டிடிஆர் அதைத்தான் வாசிப்பார். ஊரில் எவனாவது அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் கைகலப்பு. அங்கே எழுந்து நின்று ‘‘யெஸ் ஸார்’’.

அன்றைக்குப் போனது நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு. (பெயரைக் கேட்டதும் மதுரை, ‘‘என்ன மாப்ள, திட்டுறாய்ங்களா?’’ என்றான். ‘புது அன்னக் கல்’ என்று அர்த்தமாம்.) ஃப்யூஸன் வரை ரயிலில் இரண்டு மணி நேரம், அப்புறம் பஸ், அதற்கப்புறம் நடை.

கோட்டையைக் கட்டியவர் பவேரியாவின் ராஜா இரண்டாம் லுட்விக். 1869-ல் ஆரம்பித்தார். அரசாங்கக் கஜானாவைத் தொடாமல் சொந்தக் காசிலும் கடனிலும் கட்டினார். ஒரு கோட்டை போதாதென்று வேறு மாளிகைகள் வேறு. 1885 வாக்கில் கடன் ஒரு கோடியே நாற்பது லட்சம் மார்க்கை எட்டியது. கடன்காரர்கள் நெருக்க, மந்திரிகள் கூடி ‘ராஜாவுக்குச் சித்தம் சரியில்லை’ என்று டாக்டர் சர்ட்டிஃபிகேட் வாங்கி இறக்கிவிட்டார்கள். சில நாளிலேயே, 1886 ஜூன் 13-ம் தேதி, டாக்டரோடு வாக்கிங் போனவர் ஏரியில் பிணமாகக் கிடந்தார். டாக்டரும்தான். எப்படி என்று இன்றுவரை தகராறு. அவர் அந்தக் கோட்டையில் வசித்தது மொத்தம் 172 நாள்.

செத்து ஏழே வாரத்தில் கோட்டையைத் திறந்து டிக்கெட் போட்டார்கள். இன்றைக்கு வருஷத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். 2025-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தாகிவிட்டது. ராஜா வாங்கின கடன் வீண் இல்லை. லாபம் வருவதற்குள் ராஜாதான் இல்லை.

உள்ளே போக டிக்கெட் உண்டு. வெளியே மலையிடுக்கில் ஒரு பாலம். அங்கே நின்று கோட்டை முழுசையும் பார்க்க இலவசம். நாங்கள் எங்கே நின்றிருப்போம் என்று சொல்லவும் வேண்டுமா! அந்தப் பாலத்துக்கு ‘மரியா பாலம்’ என்று ராஜாவின் அம்மா பெயர்.

மேலே காற்று பிய்த்தது. அரியலூர் அரைக்கைச் சட்டையோடு வந்து நடுங்கிக்கொண்டிருந்தான். கோவை தன் பையில் இருந்த சிவப்பு ஸ்வெட்டரை எடுத்து, ‘‘ஏனுங்க, இதப் போட்டுக்கங்க’’ என்று மாட்டிவிட்டான். ஒரு ஜப்பான்காரர் ஐந்து பேரையும் சேர்த்து ஒரு ஃபோட்டோ எடுத்துத் தந்தார். அரியலூர் அதைத் தன் ஃபோனுக்கு வாங்கி உடனே எங்கோ அனுப்பினான்.

திரும்பும் ரயிலில் அவனுக்கு வீட்டிலிருந்து ஃபோன். எங்களுக்குச் சாயங்காலம் ஆறு, ஊரில் ராத்திரி ஒன்பதரை. அந்தப் பக்கம் அம்மா பேசுவது அந்தப் பெட்டிக்கே கேட்டது.

‘‘அஞ்சு பேரு இருக்கீங்கடா!’’

‘‘ஆமாம்மா.’’

‘‘நம்ம பக்கத்துப் புள்ளைங்களா எல்லாம்?’’

‘‘ஆமாம்மா.’’

‘‘அந்தச் சிவப்பு ஸ்வெட்டரு யாரோடுது? உன்னுது இல்லியே?’’

‘‘ஃப்ரெண்டோடதும்மா.’’

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், ‘‘சரிடா. தொவச்சுக் குடு’’ என்றார். வைத்துவிட்டார்.

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவன் விஷயத்தைச் சொன்னான். வந்து எட்டு மாதமாக அவன் வீட்டுக்கு அனுப்பியதெல்லாம் ரூம் சுவர் முன்னால் நின்று எடுத்த ஃபோட்டோக்கள். பாஸ்போர்ட் சைஸ் முகம், வெள்ளைச் சுவர். போன வாரம் அம்மா கேட்டாராம். ‘‘ஏண்டா, அந்த ஊர்ல மனுசங்களே இல்லியா? உடம்பு சரியில்லன்னா கூட யாருடா வருவா?’’ அப்பாவிடம் ‘அவன் திரும்பி வந்துரட்டும், கடனை எப்படியோ கட்டிக்கலாம்’ என்று அழுதாராம்.

மதுரை ஜோக் அடிக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். நெல்லை, தயிர் சாத டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினான்.

அதற்கப்புறம் மாதம் ஒரு சனிக்கிழமை அவன் எங்களோடு வர ஆரம்பித்தான். செலவெல்லாம் எழுதிவைக்க ஒரு நோட்டு உண்டு அவனிடம். ஒரு நாள் கண்ணில் பட்டது. ‘அரிசி 12.50. ஃபோன் 9.99. அம்மா ஃபோட்டோ 9.80.’ பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 70.72-ஐ எங்கேயும் காணோம். ஆடிட்டர் கண்டுபிடித்தால் குவாலிஃபைடு ரிப்போர்ட்தான். நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

‘பாவம் என்று சேர்த்துக்கொண்டீர்கள்’ என்று நினைத்துவிடாதீர்கள். அக்டோபரில் டேகர்ன்ஸே ஏரிக்குப் போனோம். அந்த வண்டி ஒரு விசித்திரம். மியூனிக்கில் ஒன்றாகக் கிளம்பி, ஹோல்ஸ்கிர்ஹன் ஸ்டேஷனில் ஒரு பகுதி கழன்று வேறு ஊருக்குப் போய்விடும். மிச்சம் ஷாஃப்ட்லாஹ் ஸ்டேஷனில் மறுபடி இரண்டாகும். ஆக, ஒரே ரயில், மூன்று ஊர். நீங்கள் எந்தப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறீர்களோ, அதுதான் உங்கள் தலையெழுத்து.

அன்றைக்கு மதுரை லேட். பிளாட்பாரத்தில் ஓடிவந்து, கிடைத்த கடைசிப் பெட்டியில் ஏறிவிட்டான். பகுதிக்குப் பகுதி உள்ளே நடந்து வர வழி கிடையாது. ‘‘ஸீட் கிடைச்சிருச்சு மாப்ள, ஏரியில பாப்போம்’’ என்று ஃபோனில் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். டிக்கெட் எங்களிடம். டிக்கெட் இல்லாமல் மாட்டினால் அபராதம் 60 யூரோ. எழுபத்து மூன்றால் பெருக்கினால் 4,380 ரூபாய்!

ஹோல்ஸ்கிர்ஹன் வருகிறது. ஸ்பீக்கரில் ஜெர்மனில் என்னவோ சொன்னார்கள். எங்களுக்கு அது சஹஸ்ரநாமம். வகுப்பு இங்கிலீஷில், அரட்டை தமிழில், ஜெர்மன் எங்கிருந்து வரும்? அரியலூர் மட்டும் விருட்டென்று எழுந்தான். ‘‘கடைசிப் பகுதி கழலுதாம்!’’ கதவு திறந்ததும் பிளாட்பாரத்தில் பறந்தான். தூங்குகிற மதுரையைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்து, கதவு மூடுகிற நேரத்தில் உள்ளே தள்ளினான்.

‘‘எங்கடா ஜெர்மன் கத்துக்கிட்ட?’’ என்றோம், மூச்சு வாங்கியபடி.

‘‘பாத்திரம் கழுவுற எடத்துல. அங்க யாரும் இங்கிலீஷ்ல திட்டமாட்டாங்க.’’

60 யூரோவை 95 சென்டால் வகுத்துப் பாருங்கள். அவனால் எங்களுக்கு வந்த லாபம் அறுபத்து மூன்று பயணத்துக்குச் சமம்!

இப்போது நிலைமை மாறிவிட்டது. 2022-ல் ஜூன் முதல் மூன்று மாதம், மாதத்துக்கு ஒன்பதே யூரோவுக்கு நாடு முழுக்கப் போகலாம் என்று ஒரு டிக்கெட் விட்டார்கள். ஜனம் ருசி கண்டுவிட்டது. 2023 மே மாதம் ‘ஜெர்மனி டிக்கெட்’ வந்தது. மாதம் 49 யூரோ. 2025-ல் 58, 2026 ஜனவரியிலிருந்து 63. பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு அதுவே சலுகை விலையில். 2023-24 குளிர்கால செமஸ்டரில் ஜெர்மனியில் இருந்த இந்திய மாணவர்கள் 49,000-க்கும் மேல். எந்த நாட்டு மாணவர்களையும் விட அதிகம். பெரும்பாலானவர்கள் பாக்கெட்டில் இந்த டிக்கெட் இருக்கும். எந்தச் சனிக்கிழமையும் எவனும் எங்கும் கிளம்பலாம்.

ரொம்ப நல்ல விஷயம். ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த டிக்கெட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். வகுப்பதற்கு ஆள் வேண்டாம். மூன்றாவது மாடிக் கதவைத் தட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

நாங்கள் ஒன்றும் தர்மவான்கள் இல்லை ஸார். 95 சென்டுக்காகத்தான் தட்டினோம். அந்தக் காரணம் இல்லாதிருந்தால் அவன் கதவு எங்களுக்கு வெறும் கதவுதான். ஆகவே இப்போது வெளிநாட்டில் படிக்கிற தம்பிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். டிக்கெட் கேட்காவிட்டாலும் நாலோடு நிறுத்தாதீர்கள். லிஃப்டில் தலையாட்டிவிட்டுப் போகிறானே, அவனிடம் ஒரு தடவை கேளுங்கள். வரமாட்டேன் என்றால் விட்டுவிட்டு, அடுத்த மாதமும் கேளுங்கள். வெளிநாடு என்று இல்லை, வேளச்சேரி மேன்ஷனிலும் இப்படி ஒரு கதவு இருக்கத்தான் செய்கிறது.

பெரியப்பாக்களே! உங்களுக்கும் ஒன்று. அடுத்த தடவை ஃபோட்டோ வந்தால் பின்னால் இருக்கிற கோட்டையை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். நாலைந்து தேறினால் பையன் பத்திரமாக இருக்கிறான் என்று அர்த்தம். ஒரே தலை, பின்னால் வெள்ளைச் சுவர் என்றால், திட்டை ஒத்திப்போட்டுவிட்டு ஒரு ஃபோன் பண்ணுங்கள்.

பி.கு: அரியலூர் வேலைக்குப் போய் ஒன்றரை வருஷத்தில் லோனை அடைத்து, வீட்டுப் பத்திரத்தை மீட்டுவிட்டான். சிவப்பு ஸ்வெட்டர் மட்டும் கோவைக்கு இன்னமும் திரும்பி வரவில்லை. துவைத்துக்கொண்டிருக்கிறானாம்.